பெண்ணை 20 அடி இழுத்துச் சென்ற டிரைவர் இல்லா கார்: ரோபோடாக்சியை நம்ப மக்கள் தயங்குவது ஏன்?

2023 அக்டோபர் 2, திங்கள்கிழமை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மார்க்கெட் தெருவும் 5-ஆவது தெருவும் சந்திக்கும் சிக்னல். பச்சை விளக்கு எரிந்ததும் பக்கத்துப் பக்கத்து லேனில் நின்ற இரண்டு கார்கள் கிளம்புகின்றன. ஒன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மனிதர். இன்னொன்றில் டிரைவர் சீட் காலி.

சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் மீது முதலில் மோதியது மனிதர் ஓட்டிய கார்தான். மோதிய வேகத்தில் அந்தப் பெண் பக்கத்து லேனில், டிரைவர் இல்லாத காரின் முன்னால் தூக்கி வீசப்பட்டார். அந்த கார் பிரேக் போட்டது. ஆனாலும் அவர் மீது மோதிய பிறகுதான் நின்றது. மனிதர் ஓட்டிய கார் நிற்கவே இல்லை, போயே போய்விட்டது.

இதுவரைக்கும் பார்த்தால், பெரிய தப்பு தப்பி ஓடியவர் மீதுதான். டிரைவர் இல்லாத கார் பாவம், முடிந்தவரை பிரேக் போட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் நின்ற கார் மறுபடியும் நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்த பெண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாலை ஓரத்தை நோக்கிப் போனது. சுமார் 20 அடி தூரம். மணிக்கு 7 மைலுக்கும் மேலான வேகம், நம்ம கணக்கில் சுமார் 12 கிலோமீட்டர். தீயணைப்பு வீரர்கள் வந்துதான் அவரை வெளியே எடுத்தார்கள். பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்.

அந்த கார் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான க்ரூஸ் நிறுவனத்தின் ரோபோடாக்சி. இந்தச் சம்பவம் நடந்து 14 மாதங்களில் க்ரூஸின் ரோபோடாக்சி தொழிலே இழுத்து மூடப்பட்டது. ஒரு விபத்து ஒரு பெரிய நிறுவனத்தை மூட வைக்குமா? விபத்து மட்டும் என்றால் ஒருவேளை மூட வைத்திருக்காது. மறுநாள் காலையில் நடந்த கூட்டங்கள்தான் கதையைத் திருப்பின. அதற்கு முன், கார் ஏன் நகர்ந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

நின்ற கார் ஏன் மறுபடி நகர்ந்தது?

இந்த கார்கள் மனிதரைப் போல பார்ப்பதில்லை. கேமரா, ரேடார், லேசர் ஒளியை வைத்து தூரத்தை அளக்கும் லைடார் என மூன்று வழிகளில் வரும் தகவல்களைச் சேர்த்து, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று மென்பொருள் ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்குப் போடுகிறது. கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டுகிறது. இது கார், இது சைக்கிள், இது மனிதர். அப்புறம் அது அடுத்து எங்கே நகரும் என்று கணிக்கிறது. பெயர் சூட்டுவதில் தப்பு நடந்தால், அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்பாகிவிடும்.

அன்று நடந்தது அதுதான். பின்னர் நடந்த தொழில்நுட்ப விசாரணையில், காரின் இடப்பக்க கேமராவில் அந்தப் பெண்ணின் கால்கள் கடைசி வரை தெரிந்திருக்கின்றன என்பது உறுதியானது. ஆனால் மென்பொருள் அதை 'மனிதர்' என்று அடையாளம் கண்டு பின்தொடரவில்லை. நேருக்கு நேர் நடந்த மோதலை, பக்கவாட்டில் ஏதோ இடித்துவிட்டதாகப் புரிந்துகொண்டது. பக்கவாட்டு மோதல் என்றால் போக்குவரத்துக்கு இடையூறு இல்லாமல் ஓரமாகப் போய் நிற்க வேண்டும் என்பது அதற்குள் எழுதி வைத்திருந்த விதி. சாதாரண நாளில் நல்ல விதிதான். அன்று அந்த விதியை அப்படியே கடைப்பிடித்தது.

அதைவிட உறைய வைக்கும் ஒரு விவரம் உண்டு. 20 அடி போன பிறகு கார் நின்றதற்குக் காரணம், அடியில் ஒருவர் இருப்பதை அது உணர்ந்தது அல்ல. சக்கரத்தின் சுழற்சியில் கோளாறு என்று நினைத்து நின்றிருக்கிறது.

கவனமாக ஓட்டும் எந்த மனிதரும், ஏதோ இடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு இறங்கிப் பார்க்காமல் வண்டியை நகர்த்தியிருக்க மாட்டார் என்று அந்த விசாரணை அறிக்கையே சொன்னது. மனித டிரைவர்கள் தூங்குவார்கள், குடிப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் ஏதோ இடித்துவிட்டதே, என்னவென்று பார்ப்போம் என்ற பதற்றம் பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பாக வரும். அந்தப் பதற்றத்தை மென்பொருளில் எழுத வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை.

மறுநாள் காலை என்ன மறைக்கப்பட்டது?

அக்டோபர் 3-ஆம் தேதி காலையில் நகர மேயர் அலுவலகம், மத்திய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறை என்று அடுத்தடுத்து க்ரூஸ் அதிகாரிகள் பேசினார்கள். கார் அந்தப் பெண்ணை இழுத்துச் சென்றது அதற்குள் நிறுவனத்தில் 100-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டங்களில் யாரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை.

அவர்கள் போட்ட திட்டம் வேறு. முழு வீடியோவைப் போட்டுக் காட்டிவிடுவோம், அதுவே பேசட்டும், நாமாக எதுவும் சொல்ல வேண்டாம். அங்கேதான் ஒரு கேலிக்கூத்து. சில கூட்டங்களில் இன்டர்நெட் சரியாக வேலை செய்யவில்லை. வீடியோ விட்டு விட்டு ஓடியது. பெண் இழுத்துச் செல்லப்பட்ட பகுதியை அதிகாரிகள் தெளிவாகப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். தானாக ஓடும் காரைச் செய்கிற நிறுவனம், ஒரு வீடியோவை ஒழுங்காக ஓட விட முடியாமல் மாட்டிக்கொண்டது.

செய்தியாளர்களுக்குக் காட்டிய வீடியோ இன்னும் மோசம். மோதி நிற்பதோடு அது முடிந்துவிட்டது. மனிதர் ஓட்டிய கார்தான் காரணம், எங்கள் கார் உடனே பிரேக் போட்டது என்ற வகையிலேயே க்ரூஸின் விளக்கங்களும் இருந்தன. உண்மை தெரிந்த பிறகும் அவை திருத்தப்படவில்லை.

முழு வீடியோ வாகனத் துறையின் கைக்கு வந்தபோது தேதி அக்டோபர் 13. அக்டோபர் 24 அன்று, டிரைவர் இல்லாமல் கார் ஓட்ட க்ரூஸுக்குக் கொடுத்த அனுமதியை கலிஃபோர்னியா நிறுத்தி வைத்தது. பொதுமக்கள் பாதுகாப்புக்கு இந்த கார்கள் உகந்தவை அல்ல என்பது ஒரு காரணம். பாதுகாப்பு குறித்த தகவலை நிறுவனம் சரியாகத் தரவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டு நாளில் அமெரிக்கா முழுவதும் க்ரூஸ் சேவை நின்றது. நவம்பரில் 950 கார்கள் திரும்பப் பெறப்பட்டன, தலைமைச் செயல் அதிகாரி கைல் வோக்ட் பதவி விலகினார்.

அபராதங்களும் வந்தன. கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு 1,12,500 டாலர். மத்திய பாதுகாப்பு அமைப்புக்கு 15 லட்சம் டாலர். தவறான அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு, மத்திய நீதித்துறை வழக்கில் 5 லட்சம் டாலர். 2016 முதல் 1,000 கோடி டாலருக்கும் மேல் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸுக்கு இதெல்லாம் டீ செலவு. போனது நம்பிக்கை. 2024 டிசம்பர் 10 அன்று, ரோபோடாக்சி திட்டத்துக்கு இனி பணம் போடப் போவதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் 2024 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, காரணங்களைப் பட்டியலிட்டது. மோசமான தலைமை, தவறான முடிவுகள், அதிகாரிகளை எதிரிகளாகப் பார்க்கும் மனப்பான்மை. மென்பொருள் பிழையை 950 கார்களில் சில வாரங்களில் திருத்த முடிந்தது. மனப்பான்மைக்கு அப்டேட் எதுவும் இல்லை.

மக்கள் அதற்கு முன்பு நம்பினார்களா?

இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்துகிறது. முழுக்க தானாக ஓடும் காரில் ஏறப் பயம் என்று சொன்னவர்கள் 2022-இல் 55 சதவீதம். 2023-இல் 68 சதவீதம். க்ரூஸ் விபத்து நடக்கும் முன்பே வெளியான எண் அது. 2024-இல் 66, 2025-இல் 61 என்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால், நம்புகிறேன் என்று அடித்துச் சொன்னவர்கள் 2025-இல் கூட 13 சதவீதம்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் அந்தப் பயம் வேறு மாதிரி வெளிப்பட்டது. 2023 கோடையில் சில போராட்டக்காரர்கள் சாலையில் வைக்கும் ஆரஞ்சு கூம்புகளை எடுத்து ரோபோடாக்சிகளின் பானெட் மீது வைத்தார்கள். அவ்வளவுதான், கார் ஸ்தம்பித்து நின்றுவிடும். கோடிக்கணக்கான டாலர் தொழில்நுட்பத்தை ஒரு பிளாஸ்டிக் கூம்பு நிறுத்திவிடும் என்று ஊரே பார்த்துச் சிரித்தது.

தீயணைப்புத் துறைக்குச் சிரிப்பு வரவில்லை. எரியும் வீட்டுக்கு முன்னால் வழியை மறித்து நிற்பது, தண்ணீர் போகும் ஹோஸ் மீது ஏறுவது என்று 50-க்கும் மேற்பட்ட சம்பவங்களை அந்த ஆண்டு அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகும், 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் 3-க்கு 1 என்ற வாக்கில் க்ரூஸ், வேமோ இரண்டுக்கும் 24 மணி நேரமும் கட்டணம் வாங்கி ஓட அனுமதி கொடுத்தது. ஒரு வாரத்தில் ஒரு க்ரூஸ் கார் தீயணைப்பு வண்டியோடு மோதியது. வாகனத் துறை கார்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. மார்க்கெட் தெரு சம்பவம் நடந்தது அதற்கு அடுத்த ஒன்றரை மாதத்தில்.

5.6 நொடி இருந்தும் பிரேக் போடாத கார்

நம்பிக்கை உடைந்த முதல் சம்பவம் இது இல்லை. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலம் டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் ஒருவர் மீது ஊபர் நிறுவனத்தின் சோதனை கார் மோதியது. அவர் உயிரிழந்தார். தானாக ஓடும் கார் மோதி ஒரு பாதசாரி இறந்த முதல் சம்பவமாக அது பதிவானது.

அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வந்த விவரங்களைப் படித்தால் இன்றும் மனசு ஆறாது. மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே கார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் ஒரு நொடி 'வாகனம்', அடுத்து 'வேறு ஏதோ', அப்புறம் 'சைக்கிள்' என்று மாற்றி மாற்றிப் பெயர் சூட்டியது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற யோசனையே அந்த மென்பொருளின் வடிவமைப்பில் இல்லை. போதாததற்கு, வோல்வோ காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதியும் தானியங்கி முறையில் ஓடும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

காரில் மேற்பார்வைக்கு ஒரு பெண் ஊழியர் இருந்தார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கில் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு கண்காணிப்பில் வைக்கப்பட்டார். ஊபர் நிறுவனத்தின் மீது கிரிமினல் வழக்கு இல்லை. பாதுகாப்பில் நிறுவனம் காட்டிய அலட்சியத்தையும் வாரியம் சுட்டிக்காட்டியது. ஆனால் நீதிமன்றப் படி ஏறியது ஊழியர் மட்டும்தான். டிரைவர் இல்லாத கார் என்று விளம்பரம், விபத்து நடந்தால் மட்டும் டிரைவர் வந்துவிடுவார்.

அப்போ மனிதர் ஓட்டுவது பாதுகாப்பா?

அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் சாலை விபத்துகளில் 40,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் மனிதர்கள் ஓட்டிய வண்டிகள்தான். மார்க்கெட் தெருவிலும் முதலில் மோதித் தப்பி ஓடியது மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ வருகிறது. 2009-இல் கூகுளுக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கியது இது. 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 2.5 லட்சம் கட்டணப் பயணங்களைத் தொட்டது. மனித டிரைவர் இல்லாமல் 5.67 கோடி மைல் ஓடிய தரவுகளை வைத்து ஓர் ஆய்வையும் வெளியிட்டது. அதே பகுதிகளில் மனிதர்கள் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டால், பாதசாரிகள் காயமடையும் விபத்துகள் 92 சதவீதம் குறைவு, பலத்த காயம் அல்லது அதற்கு மேலான விபத்துகள் 85 சதவீதம் குறைவு என்கிறது அந்த ஆய்வு. எழுதியவர்கள் வேமோவைச் சேர்ந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் துறை வல்லுநர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழில் வந்த கட்டுரை அது, லேசாகத் தள்ளிவிட முடியாது.

அதே நேரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மனிதர்கள் 10 கோடி மைல் ஓட்டினால் ஒன்றுக்குச் சற்று அதிகமான மரணம் நிகழ்கிறது. அதாவது மரணம் என்பது புள்ளிவிவரத்தில் அரிதான நிகழ்வு. உயிரிழப்பில் மனிதரைவிட மோசமில்லை என்று உறுதியாகச் சொல்லவே, ஒரு மரணம்கூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. காயங்கள் குறைகின்றன என்பதற்கு வேமோவின் எண்கள் வலுவான சாட்சி. மரணங்களும் அதே அளவுக்குக் குறைகின்றனவா என்பதற்கு 5.67 கோடி மைல் போதாது.

எண்கள் சாதகமாக இருந்தும் பயம் ஏன் போகவில்லை? பிழையின் தன்மையில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மனித டிரைவர் தூங்கிவிட்டால், பக்கத்து காரில் இருப்பவரும் அதே நொடியில் தூங்க மாட்டார். ரோபோடாக்சிகளில் எல்லா கார்களுக்கும் ஒரே மூளை. மார்க்கெட் தெருவில் பிழை செய்த அதே மென்பொருள்தான் அன்றிரவு க்ரூஸின் மற்ற கார்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை ஏற்பட்டு சிக்னல்கள் அணைந்தபோது, வேமோ கார்கள் பல சந்திப்புகளில் ஒன்றாகத் திகைத்து நின்றன. சேவையையே நிறுத்த வேண்டியதாயிற்று. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஒரு தடுமாற்றம் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எப்படிப் பரவும் என்பதை மக்கள் நேரில் பார்த்தார்கள்.

பெயரிலேயே குழப்பம்

இன்னொரு சிக்கல், எல்லா காரையும் 'தானாக ஓடும் கார்' என்றே நாம் சொல்லிவிடுகிறோம். வேமோ போன்றவை லெவல் 4. குறிப்பிட்ட பகுதிக்குள் மனித உதவி இல்லாமல் ஓடும். டெஸ்லா உரிமையாளர்கள் பயன்படுத்தும் ஆட்டோபைலட் லெவல் 2. அதாவது டிரைவர் கண்ணை எடுக்கவே கூடாது. ஆனால் 'ஆட்டோபைலட்' என்ற பெயரைக் கேட்டால் யாருக்கு அப்படித் தோன்றும்? 2019-இல் ஃப்ளோரிடாவில் ஆட்டோபைலட்டில் ஓடிய டெஸ்லா கார் மோதி ஓர் இளம்பெண் இறந்தார். டிரைவர் கீழே விழுந்த போனைத் தேடிக்கொண்டிருந்தார். 2025 ஆகஸ்டில் மியாமி நடுவர் குழு, டெஸ்லாவுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லி சுமார் 24.3 கோடி டாலர் கொடுக்கத் தீர்ப்பளித்தது.

லெவல் 4-இலும் மனிதர் முழுக்க மறைந்துவிடவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, குழம்பி நிற்கும் காருக்கு வழி சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். இரண்டரை முதல் ஐந்து மைலுக்கு ஒருமுறை க்ரூஸ் கார்களுக்கு அப்படி உதவி தேவைப்பட்டது என்று 2023 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டபோதுதான் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்தது.

இந்தியாவுக்கு எப்போ?

இப்போதைக்கு இல்லை. இந்திய வேலைகளைப் பறிக்கும் டிரைவர் இல்லா கார்களை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் நாக்பூரில் சொன்னார். 70 முதல் 80 லட்சம் டிரைவர்களின் வேலை போய்விடும் என்பது அவர் வாதம். பாதுகாப்பு பற்றிய பேச்சு இங்கே இன்னும் தொடங்கவே இல்லை. 2022-இல் மட்டும் 1,68,491 பேர் சாலையில் இறந்த நாடு இது. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் ஒருவர் கடப்பார் என்பதையே எதிர்பார்க்காத மென்பொருளை நம்ம ஊர் சாலையில் விட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

அபராதச் சீட்டு யாருக்கு?

2025 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே உள்ள சான் புருனோவில், போலீஸ் கண் முன்னாலேயே ஒரு வேமோ கார் விதிமீறி யு-டர்ன் அடித்தது. மடக்கி நிறுத்தினார்கள். கார் சமர்த்தாக நின்றது. ஆனால் சீட்டு எழுத உள்ளே யாரும் இல்லை. எங்கள் அபராதப் புத்தகத்தில் ரோபோவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாதே என்ற ரீதியில் காவல் துறையே பதிவு போட்டது. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கலிஃபோர்னியா சட்டப்படி, வண்டி ஓடும்போது நடக்கும் விதிமீறலுக்கு அபராதம் டிரைவர் பெயரில்தான் போட முடியும். டிரைவர் இல்லை என்றால் அபராதமும் இல்லை. இதை மாற்ற 2024 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்துக்கு 2026 ஜூலை 1 அமல் தேதி. அதன்படி விதிமீறும் காரின் நிறுவனத்துக்கே போலீஸ் நோட்டீஸ் கொடுக்கலாம். தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும் காரிலிருந்தே நிறுவனத்தின் ஆளோடு பேசும் வசதி கட்டாயம். ஓர் இடத்தை விட்டு விலகச் சொன்னால் குறிப்பிட்ட நேரத்துக்குள் கார்கள் விலக வேண்டும்.

நோட்டீஸில் நேரடி அபராதத் தொகை எதுவும் கிடையாது. அது வாகனத் துறைக்குப் போகும். அங்கே என்ன நடவடிக்கை என்பதை, க்ரூஸின் அனுமதியை 2023 அக்டோபரில் நிறுத்திய அதே துறைதான் முடிவு செய்யும்.